காற்றாலை ஏணியும் ஒரு கம்பிவடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றவர்கள், முப்பந்தலை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பவர் கண் இறக்கைகளின் மீதுதான் போகும். அந்தத் தூணுக்குள் அடியிலிருந்து உச்சி வரை ஓர் இரும்பு ஏணி செங்குத்தாகச் செல்கிறது என்பதும், இயந்திரத்தில் கோளாறு என்றால் ஒரு மெக்கானிக் தோளில் கருவிப் பையுடன் அதில் ஏறியாக வேண்டும் என்பதும் வெளியே தெரிவதில்லை. அந்த ஏணியின் நடுவே, சுண்டுவிரலை விட மெல்லியதாக, பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எஃகுக் கம்பிவடம் மேலிருந்து கீழ் வரை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஏறுபவர் தவறி விழுந்தால் அவரைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அந்த வடத்தைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் அதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணைகள் 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கின. ஆரம்ப காலத்து இயந்திரங்கள் சிறியவை; பல, மின்கோபுரம் போன்ற கம்பிச் சட்டக் கோபுரங்களின் மீது 30, 40 மீட்டர் உயரத்தில் நின்றன; ஏணி வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்தது. இன்று நிறுவப்படுபவற்றின் உயரம் 100 மீட்டரைத் தாண்டிவிட்டது. புதிய தூண்களில் மின்தூக்கி உண்டு என்றாலும், அது பழுதாகும் நாளில் ஏணிதான் வழி. 80 மீட்டர் ஏணியில், பழுவுக்குப் பழு, அதாவது படிக்குப் படி, 28 சென்டிமீட்டர் இடைவெளி என்று கொண்டால், ஏறக்குறைய 285 பழுக்கள். ஏறி இறங்குவது ஒரே நாளில் இரண்டு மூன்று இயந்திரங்களிலும் நேரலாம்.

கை வழுக்கினால் அடுத்த பழுவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு மீட்டர் விழுவதற்கு அரை வினாடிகூட ஆகாது. அதற்குள் உடல் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். ஐந்து மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். ஓடும் பேருந்தில் தொற்றியவர்களுக்கே அந்த வேகத்தில் கம்பியைப் பிடிப்பதன் வலி தெரியும்; தன் முழு எடையையும் கைகளால் பிடித்து நிறுத்துவது நடக்கிற காரியமல்ல.

நம் பக்கத்துப் பனையேறிகள் மரத்தில் கை வைக்கும் முன், காலில் மாட்டிக்கொள்ளும் தளைநாரை முறுக்கி இழுத்துப் பார்ப்பதைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அந்தத் தளைநாருக்கும் நான் பேசும் கம்பிவடத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தளைநார் ஒவ்வோர் அடியிலும் பனையேறியின் எடையைத் தாங்குகிறது. அது நைந்தால் அவருடைய காலே முதலில் சொல்லிவிடும். கம்பிவடமோ ஏறுவதற்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. அது பழுதாகிக் கிடந்தாலும், நன்றாக இருந்தாலும், ஏறுபவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பத்து ஆண்டுகள் தினமும் ஏறி இறங்கியவர்கூடத் தன் வடம் தன்னைத் தாங்குமா என்பதை அனுபவத்தால் அறிய முடியாது. அது தெரியவரும் முதல் தருணம், விழும் தருணம். ஆகவே இந்தக் கருவியைப் பொறுத்தவரை, ‘இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடியது’ என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. அதற்கு இருக்கும் ஒரே சான்று, ஒழுங்காகப் பொருத்தியதும் ஒழுங்காகச் சோதித்ததும்தான்.

வடத்தின் மீது உள்ளங்கை அளவு கருவி ஒன்று ஏறி இறங்கும். பணியாளர்கள் அதை ஃபால் அரெஸ்டர் என்கிறார்கள். நான் தடுப்பான் என்று சொல்கிறேன். தடுப்பானில் ஒரு நெம்புகோல் உண்டு. அதன் நுனியிலிருந்து ஒரு கொக்கி, ஏறுபவரின் மார்புக்கு நடுவே உள்ள வளையத்தில் மாட்டப்படும். ஏறும்போது அந்த வளையம் நெம்புகோலை மேல்நோக்கி இழுப்பதால், உள்ளேயுள்ள பல் வடத்தை விட்டு விலகி நிற்கிறது. தடுப்பான் வழுக்கிக்கொண்டு கூடவே வருகிறது. விழும்போது உடல் நெம்புகோலைக் கீழே இழுக்கிறது. பல் வடத்தைக் கவ்வுகிறது. இதில் மின்சாரமும் கிடையாது, பெரிய நுணுக்கமும் கிடையாது. ஆனால் எல்லாமே, நெம்புகோல் கீழ்நோக்கி இழுபடுகிறது என்ற ஒரே நிபந்தனையில் நிற்கின்றன.

அந்த நிபந்தனை எப்போதும் நிறைவேறுவதில்லை என்பதை உலகம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. கால் வழுக்கி நேர்கீழாக விழுபவரைத் தடுப்பான் எளிதில் நிறுத்திவிடும். ஆனால் களைத்துப்போய்ப் பின்னால் சாய்ந்து, ஏணியை விட்டு விலகியபடி விழுபவரின் மார்பு வளையம் நெம்புகோலை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே கீழே போகலாம். அப்போது பல் கவ்வாது. 2002-ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரநிலையிலிருந்த சோதனைகள் இத்தகைய வீழ்ச்சியைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. 2010-இல் ஐரோப்பிய ஆணையம் அந்தத் தரநிலைக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் விழுவதற்கான சோதனைகளைச் சேர்த்துத் திருத்திய தரநிலை 2014-இல் வந்தது. எனவே பழைய தூண் ஒன்றுக்குச் சோதனைக்குப் போகும்போது நான் முதலில் தேடுவது தடுப்பானின் மீது பொறித்திருக்கும் தரநிலை எண்ணையும் ஆண்டையும்தான். கருவி பளபளப்பாக இருப்பது எனக்கு ஒரு தகவலே அல்ல.

உடலில் அணியும் பட்டைக்கும் இதில் பங்குண்டு. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை இன்னும் சில இடங்களில் காண்கிறேன். விழுந்தால் அது வயிற்றை அறுக்கும், அல்லது ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடும். தோள், மார்பு, தொடை அனைத்தையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடல் ஹார்னஸ்தான் தேவை. நம் நாட்டில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 3521. ஹார்னஸ் தொளதொளவென்று இருந்தால் மார்பு வளையம் உடலை விட்டுத் தள்ளி மேலே ஏறிக்கொள்ளும். நான் இப்போது சொன்ன கவ்வாத நிலை அப்போதும் உருவாகலாம். வெயிலில் புழுக்கமாக இருக்கிறது என்று மார்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஏறும் இளைஞரிடம் இதைப் படம் போட்டுக் காட்டினால் ஒழியப் புரிவதில்லை. வளையத்துக்கும் வடத்துக்கும் இடையே கூடுதலாக ஒரு கொக்கியைச் சேர்த்து நீட்டிக்கொள்வதும் அதே தவறுதான். அமெரிக்க விதி இந்த இணைப்பு 9 அங்குலத்துக்கு, அதாவது 23 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது.

இனிப் பொருத்தும் வேலைக்கு வருகிறேன். வடத்தைப் பற்றி யோசிக்கும் முன் ஏணியைப் பற்றி யோசிக்க வேண்டும். விழும் ஆளின் பாரம் வடத்தின் வழியாக உச்சித் தாங்கிக்கும், தாங்கியிலிருந்து ஏணியின் பழுக்களுக்கும், அங்கிருந்து ஏணியைத் தூணோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும் போகிறது. ஐரோப்பியத் தரநிலை, ஆளின் உடலில் இறங்கும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது என்கிறது. இதுவே ஏறத்தாழ 600 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். ஆகவே ஏணியின் பற்றவைப்பு விரிசல் கண்டிருந்தால், எவ்வளவு நல்ல வடமும் பயன் தராது. கடற்கரையோரத் தூண்களில் உப்புக் காற்று போல்ட்டின் தலையை விட்டுவிட்டு அதன் கழுத்தை அரித்து வைத்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே வேறுபாடு தெரியும்.

உச்சித் தாங்கி ஒரே பழுவில் தொங்காமல், பல பழுக்களில் பாரம் பரவும்படி பிடிக்கப்பட வேண்டும். மரைகளை முறுக்குமானியால், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முறுக்கி, முடித்ததும் மரையின் மீதும் தாங்கியின் மீதும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுக்க வேண்டும். பின்னாளில் மரை தளர்ந்தால் அந்தக் கோடு இரண்டாக விலகி நிற்கும். கீழிருந்து டார்ச் அடித்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு ரூபாய்கூடப் பெறாத அந்தக் கோட்டைப் போல எனக்கு உதவிய கருவி வேறில்லை.

வடச் சுருளைப் பிரிக்கும்போது அது சுருண்டு மடங்கிவிடாமல் உருட்டிப் பிரிக்க வேண்டும். ஒருமுறை மடங்கிய இடம் நிமிர்த்தினாலும் பழைய வலிமையை அடைவதில்லை. வழியில் வடம் ஏணியில் மோதாமல் பிடித்துக்கொள்ள இடைப்பிடிகள் உண்டு. அமெரிக்க விதிப்படி அவற்றின் இடைவெளி 7.6 மீட்டருக்குக் குறையாமலும் 12.2 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அடியில் வடத்தை இழுத்துக் கட்டும்போது இறுக்கம் காட்டும் அடையாளம் வரை இறுக்கி அங்கே நிறுத்த வேண்டும். வடத்தை மடக்கி யூ வடிவக் கிளிப் போடும் அமைப்பாக இருந்தால், கிளிப்பின் சேணப் பகுதி பாரம் தாங்கும் வடத்தின் மீதும், யூ வளைவு வெட்டுமுனைப் பக்கத்தின் மீதும் அமர வேண்டும். தலைகீழாகப் போட்டால் வளைவு, பாரம் தாங்கும் வடத்தையே நசுக்கிவிடும். அனுபவமுள்ள ஃபிட்டர்களே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் எப்படிப் போட்டாலும் பார்ப்பதற்கு அது இறுக்கமாகத்தான் தெரியும்.

ஏணியைச் சுற்றி வளையக்கூண்டு இருந்தால் வடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூண்டு பின்பக்கம் சாயும் பயத்தைக் குறைக்கும், விழுபவரை நிறுத்தாது. 2018 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் நிறுவப்படும் 24 அடிக்கு மேற்பட்ட நிலையான ஏணிகளில் கூண்டை மட்டும் பாதுகாப்பாக ஏற்பதில்லை.

சோதனை இரண்டு விதம். ஒன்று, ஏறுபவர் ஒவ்வொரு முறையும் ஏறும் முன் செய்வது. மற்றது, தகுதி பெற்ற ஒருவர் குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை செய்வது. நம் பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். அப்போது இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அதனால் ஆண்டுச் சோதனையை நான் சித்திரை பிறக்கும் முன்பே முடித்துவிடப் பார்ப்பேன்.

ஏறும் முன் செய்வதற்கு மூன்று நிமிடம் போதும். ஹார்னஸின் பட்டையை இரு கைகளாலும் பிடித்து, கவிழ்த்த ப வடிவில் வளைத்தபடியே விரலால் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். தட்டையாக வைத்தால் தெரியாத அறுபட்ட நூல், வளைக்கும்போது மயிர்போல் எழுந்து நிற்கும். தையல், வெல்டிங் தீப்பொறி பட்ட கருகல், வெயிலில் வெளுத்த நிறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல ஹார்னஸ்களில் மடித்துத் தைத்த ஓர் அடையாளப் பகுதி இருக்கும்; அது பிரிந்திருந்தால் அந்த ஹார்னஸ் ஏற்கெனவே ஒரு வீழ்ச்சியைத் தாங்கிவிட்டது என்று பொருள், அதை மீண்டும் அணியக்கூடாது. பெயரைப் பட்டையின் மீது மார்க்கர் பேனாவால் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். மையிலுள்ள கரைப்பான் இழையைப் பாதிக்கலாம். பெயரெழுதச் சீட்டு இருக்கிறது. பிறகு தடுப்பானின் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி வடத்தில் மாட்டி, தரையை ஒட்டியே இரண்டு பழு மட்டும் ஏறி, உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் தளர்த்தி, அது கவ்வுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தலைகீழாக மாட்டுவதைத் தடுக்கப் பெரும்பாலான தடுப்பான்களில் ஒரு சிறு பூட்டு உண்டு. ஒரு தூணில் அந்தப் பூட்டு குறட்டால் பிடுங்கி எடுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். கிரீஸும் புழுதியும் சேர்ந்து அது இறுகிப்போனதால் ‘தொந்தரவு’ என்று யாரோ கழற்றிவிட்டார்கள். அங்கிருந்த பதிவேட்டைப் புரட்டினால் பன்னிரண்டு மாதத்துக்கும் ‘சரி’ என்று எழுதியிருந்தது. பன்னிரண்டும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளின் கையெழுத்து. எழுதியவரைக் குறை சொல்வதைவிட, ஒரு நாளைக்கு இத்தனை தூண் என்று அவருக்குக் கணக்கு வைத்தவரைத்தான் நான் கேட்டேன். பதில் வரவில்லை.

ஆண்டுச் சோதனையில் வடத்தின் முழு நீளத்தையும் ஒரு பழந்துணியால் சுற்றிப் பிடித்தபடி மெல்ல இறங்குவேன். அறுந்த இழை இருந்தால் துணியில் சிக்கி இழுக்கும். வெறுங்கையால் செய்தால் இழை உள்ளங்கையைக் கிழித்துவிடும். இடைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியைக் கட்டாயம் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காற்றில் தூண் அசைவதால் ஏற்படும் தேய்மானம் அங்கேதான் நடக்கிறது. காற்றாலைகளுக்கே உரிய இன்னொரு தொல்லை எண்ணெய். மேலே கியர் பெட்டியில் கசிவு ஏற்பட்டால் எண்ணெய் வடத்தின் வழியே வடிந்து வருகிறது. எண்ணெய் பூசிய வடத்தில் பல் வழுக்கும். கசிவை அடைத்து, வடத்தைத் துடைத்த பிறகுதான் ஏணியைத் திறந்துவிட வேண்டும்.

விழுந்தவரை வடம் நிறுத்திவிட்டாலும் வேலை முடிவதில்லை. அசையாமல் ஹார்னஸில் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். எனவே மீட்புக் கயிறும் அதை இயக்கத் தெரிந்த இரண்டாவது ஆளும் இல்லாமல் யாரும் தனியாக ஏறக்கூடாது.

கழித்துக்கட்டிய பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓரிடத்தில் நான் நிராகரித்த ஹார்னஸ், மறு மாதம் வேறொரு ஷிப்டில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் உடலில் திரும்பி வந்தது. கழுவி, நிழலில் உலர்த்தி, புதிதுபோல் வைத்திருந்தார். ஸ்டோரில் கிடந்ததை எடுத்ததாகச் சொன்னார், நான் தள்ளியது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அன்றிலிருந்து என் பையில் ஒரு கத்தி இருக்கிறது. நிராகரிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், இரண்டு தோள்பட்டைகளையும் இரண்டு தொடைப்பட்டைகளையும் நானே அறுத்துத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளைப் படிவத்தோடு சேர்த்து ஒப்படைக்கிறேன்.

வணக்கம்.