பேச்சு போனாலும் பாட்டு வரும்

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்து பேச்சு போனவர், தண்ணீர் கேட்க முடியாமல் தவிப்பார். அவரே, யாராவது பழகிய முருகன் பாட்டை எடுத்துக் கொடுத்தால் சொற்களோடு கூடவே பாடிவிடுவதுண்டு. வீட்டார் உடனே, "வேணும்னே பேசாம இருக்கார்" என்பார்கள். நடிப்பில்லை அம்மா, அது நோயின் தன்மை.

மாஸ்கோவில் ஷெபாலின் என்றொரு இசையமைப்பாளர். 1959இல் இரண்டாம் முறையாகப் பக்கவாதம். அடி விழுந்தது மூளையின் இடப்பக்கம். பேச்சு குலைந்தது, பிறர் சொல்வதும் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் மாணவர்களின் இசையைக் கேட்டுத் திருத்தினார். 1962இல் ஐந்தாம் சிம்பொனியையே, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கான இசைப் படைப்பையே, எழுதி முடித்தார்! பேச வராதவர், சிம்பொனி எழுதுகிறார். நரம்பியல் அறிஞர் லூரியா 1965இல் இதைப் பதிவு செய்தார். அதற்காக, பேச்சுக்கு இடது, பாட்டுக்கு வலது என்று கோடு கிழித்துவிடாதீர்கள். இசை இரு பக்கத்தையும் வேலை வாங்கும்.

பேச்சு போனாலும் பாட்டு வருகிறதே, 1973இல் அமெரிக்காவில் அதை வைத்தே ஒரு பேச்சுப் பயிற்சி வந்தது. நம் மொழியில் செய்தால் எப்படி? "தண்ணி வேணும்" என்பதை தண்-ணி-வே-ணும் என நான்காகப் பிரியுங்கள். ஸ்வரம் இரண்டே: கீழே ஷட்ஜம் (ச), மேலே சாதாரண காந்தாரம் என்ற க. "தண்", "வே" மேலே, மற்றவை கீழே. ஒவ்வோர் அசைக்கும் அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் ஒரு தட்டு. வலது கை வேண்டாம், பெரும்பாலும் அதுதான் விழுந்திருக்கும். முதலில் சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் முனகல், பிறகு சேர்ந்து பாடுதல், பாதியில் நீங்கள் நிறுத்த அவர் முடிப்பார். அடுத்து "என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வரத் தொடங்கியபின் ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும்.

கெடுவது எங்கே? அவசரத்தில். இன்னொன்று, பழைய பாட்டையே பாடவைத்துக் கொண்டிருப்பதில். அது மனப்பாடம், பாட்டு வரும், தண்ணீர் கேட்க வராது. சொன்னது புரிந்து, சொல்ல மட்டும் திணறுபவருக்கே இது அதிகம் உதவும். ஆகவே பேச்சுப் பயிற்சியாளர் பார்த்த பிறகே தொடங்குங்கள். உதவுவது ராகமா, தாளமா? 2011இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு தாளத்தின் பக்கம் சாய்ந்தது. நானும் அந்தக் கட்சிதான்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு மூளை வளருமா என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: அந்தப் பேச்சைக் கிளப்பிய 1993 ஆய்வில் மொசார்ட் கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்ல. பலனும் கால் மணி நேரத்துக்குள் கலைந்துவிட்டது. வணக்கம்.