குதிகால் நாண் வலி: மூச்சு தயார், கால் தயாரா?

[காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, விடியற்காலை. ஓடுபவர்களின் கால்கள் மட்டும்.]

காலையில கட்டில்லேர்ந்து இறங்குறீங்க. முதல் பத்து அடி, குதிகாலுக்கு மேல யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி. குளிச்சு முடிக்கிறதுக்குள்ள விட்டுடுது. ஓட ஆரம்பிச்சா முதல் கிலோமீட்டர் வலி, அப்புறம் ஒண்ணும் இல்ல. அதனால ஓட்டத்தையும் விடுறதில்ல. ஆடுசதையைக் குதிகால் எலும்போட இணைக்கிற குதிகால் நாண், அதாவது அக்கிலீஸ் நாண். அதோட பிரச்சனை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எங்க வலிக்குதுன்னு முதல்ல பாருங்க. ரெண்டு விரலால நாணைப் பக்கவாட்டுல மெதுவா கிள்ளிக்கிட்டே மேல போங்க.

[காட்சி: கிள்ளிப் பார்க்கும் விரல்கள், மிக அருகில்.]

குதிகால் எலும்புக்கு ரெண்டிலேர்ந்து ஆறு சென்டிமீட்டர் மேல வலிச்சா, அது நாணோட நடுப்பகுதி. எலும்புல ஒட்டுற இடத்துலயே வலிச்சா அது வேற வகை, பயிற்சியும் கொஞ்சம் மாறும். ஓடும்போது 'டப்'னு சத்தம் கேட்டு, பின்னாலேர்ந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்து, அதுக்கப்புறம் நுனிக்கால்ல எம்ப முடியலன்னா இந்த வீடியோவை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாண் அறுந்திருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சமீபத்துல சாப்பிட்டிருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அந்த வகை மருந்துக்கும் நாண் பாதிப்புக்கும் தொடர்பு உண்டு.

இப்போ முக்கியமான விஷயம். ஓடாம இருந்தா ஸ்டாமினா போயிடும்னுதான் எல்லாருக்கும் பயம். ரெண்டு வாரத்துல குறையுறது கொஞ்சம்தான். அதுலயும் ரத்தத்துல இருக்குற நீர்ப்பகுதி குறையுறதுக்குப் பெரிய பங்கு இருக்கு; பயிற்சி தொடங்கினா அது சீக்கிரமே திரும்பிடும். நாண் அப்படி இல்ல, அது வாரக்கணக்குல, மாசக்கணக்குலதான் மாறும். மூச்சு தயாராயிடும், கால் தயாரா இருக்காது. வலி திரும்பத் திரும்ப வர்றது இந்த இடைவெளியிலதான்.

முழு ஓய்வும் உதவாது. நாண் பாரத்துக்குத்தான் பதில் சொல்லும். மூணு வாரம் சும்மா இருந்தா வலி அடங்கும், நாண் இன்னும் பலவீனமாகும், ஓடின முதல் வாரமே பழைய கதை.

[காட்சி: மாடிப்படி. முன்பாதம் மட்டும் படியில், குதிகால் அந்தரத்தில்.]

படி விளிம்புல முன்பாதத்தை வெச்சு, ரெண்டு காலாலயும் எம்புங்க. எடையை வலிக்கிற காலுக்கு மாத்தி, மூணு நாலு செகண்ட் எடுத்துக் குதிகாலைப் படிக்குக் கீழ இறக்குங்க. முட்டியை நீட்டி 15 தடவை, மூணு செட். முட்டியை லேசா மடக்கி இன்னொரு மூணு செட். காலை, மாலை ரெண்டு வேளை, 12 வாரம். ஸ்வீடன்ல ஆல்ஃபிரட்சன்ங்கிற எலும்பு டாக்டரோட குழு 1998-ல வெளியிட்ட முறை இது. ஒரு நாளைக்கு மொத்தம் 180 தடவை. சுலபமாயிட்டா ஒரு பையில அஞ்சு கிலோ அரிசியைப் போட்டு முதுகுல மாட்டிக்கோங்க. வலி எலும்பு ஒட்டுற இடத்துல இருந்தா படி வேண்டாம், சமதரையிலயே செய்யுங்க. குதிகால் கீழ இறங்கும்போது நாண் எலும்போட அழுந்துறதுதான் அங்க பிரச்சனை.

நிறைய பேர் தப்பு பண்றது வேகத்துல. 'டக் டக்'னு இறக்கினா எண்ணிக்கைதான் ஏறும், நாண்ல பாரம் நிக்காது.

செய்யும்போது வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் வரலாம். ஆனா மறுநாள் காலையில அந்த முதல் பத்து அடி வழக்கத்தைவிட மோசமா இருந்தா, நேத்து செஞ்சது அதிகம். ஆடுசதையில ரெண்டு நாள் பிடிப்பு இருக்கும், அதைக் கணக்குல எடுக்காதீங்க.

வீட்டுல வெறுங்கால், வெளிய தட்டையான ரப்பர் செருப்பு. நம்ம ஊர்ல கஷ்டமான இடம் இது. ஆரம்ப வாரங்கள்ல குதிகால் கொஞ்சம் உயர்ந்த செருப்பு போட்டா நாணோட இழுப்பு குறையும்.

[காட்சி: கடலூர் சில்வர் பீச், மணலில் புதையும் பாதங்கள்.]

'மணல் மெத்துனு இருக்கு, சில்வர் பீச்ல மெதுவா ஓடலாமே'ன்னு சொல்லுவாங்க. இந்தக் காயத்துக்கு அது வேண்டவே வேண்டாம். மணல்ல குதிகால் புதையும்போது நாண் அதிகமா நீளும், உந்தி எழ ஆடுசதை கூடுதலா உழைக்கும். அலையோரத்து ஈர மணல் கெட்டியா இருந்தாலும் கடல் பக்கம் சரிவு, ரெண்டு காலுக்கும் பாரம் சமமா விழாது. சில்வர் பீச் இருக்குற தேவனாம்பட்டினத்துல காத்து வாங்குங்க, நடங்க, அவ்வளவுதான்.

மூச்சுக்கு வேலை வேற வழியில கொடுக்கலாம். சைக்கிள்தான் முதல் தேர்வு, புதுச்சேரி தட்டையான ஊர். சீட்டை ரொம்ப உயர்த்தாதீங்க. நுனிக்காலால எட்டி மிதிக்க வேண்டி வந்தா ஆடுசதை இழுக்கும். பாதத்தோட நடுப்பகுதியால மிதிங்க. நீச்சல் குளம் கிடைச்சா, மிதவை பெல்ட் கட்டி, தரை தொடாத ஆழத்துல ஓடுற மாதிரியே அசைவு கொடுங்க: ரெண்டு நிமிஷம் வேகமா, ஒரு நிமிஷம் மெதுவா, ஆறு சுத்து. தண்ணியில இதயத்துடிப்பு தரையைவிட பத்து, பதினஞ்சு குறைவாத்தான் காட்டும். வாட்ச்சைப் பார்த்து இன்னும் முடுக்காதீங்க. சுவரை உதைச்சுத் திரும்புறதையும் நல்ல கால்லயே வெச்சுக்கோங்க. இதைக் கடல்ல முயற்சி பண்ண வேண்டாம், நம்ம கரையில இழுப்பு மோசம்.

மனசு சோர்றது உடம்பைவிட சீக்கிரம். கிலோமீட்டர் எழுதுற நோட்டுல இப்போ ரெண்டே எண் எழுதுங்க: காலை முதல் பத்து அடிக்கு பத்துக்கு எவ்வளவு வலி, ஒரு கால்ல எத்தனை தடவை எம்ப முடிஞ்சுது. ஒரு நாளை இன்னொரு நாளோட ஒப்பிடாதீங்க, வாரத்தை வாரத்தோட பாருங்க. மத்தவங்க வேகத்தைக் காட்டுற ஓட்ட ஆப்பை கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை குழுவை விடாதீங்க. சைக்கிள்ல கூடவே போய் தண்ணி கொடுங்க, டீக்கு உட்காருங்க.

[காட்சி: கடற்கரைச் சாலை, காந்தி சிலை.]

திரும்ப ஓட மூணு சோதனை. வேகமா அரைமணி நேரம் நடந்தா வலி கூடக் கூடாது. வலிச்ச கால்ல 20, 25 தடவை எம்பணும். அதே கால்ல பதினஞ்சு தடவை குதிச்சா மறுநாள் காலை வழக்கம்போல இருக்கணும். மூணும் சரின்னா, ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, எட்டு சுத்து. இதுக்குக் கடற்கரைச் சாலை அருமை: சமதளம், மாலை ஆறிலேர்ந்து காலை ஏழரை வரை வண்டி கிடையாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓடணும். ஓடின பிறகு சுமார் ஒன்றரை நாள் வரைக்கும் நாண்ல சிதையுறது கட்டுறதைவிட அதிகம். தினமும் ஓடினா கட்டுற வேலை நடக்கவே நேரம் இருக்காது. ரெண்டு ஓட்டத்துக்கும் மறுநாள் காலையில வலி கூடலன்னா ஓடுற நேரத்தை ஒரு நிமிஷம் கூட்டுங்க. நிக்காம அரைமணி நேரம் வந்த பிறகுதான் வேகம்; ஏத்தம் அதுக்கும் அப்புறம்.

பிப்ரவரியில ஆரோவில் மாரத்தான் மனசுல இருந்தா, அது செம்மண் காட்டுப்பாதைன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. மேடும் பள்ளமும் வேரும் நாணைப் பல திசையில இழுக்கும். நவம்பர் வரைக்கும் அந்த அரைமணி நேரம் வரலன்னா, அரை மாரத்தானை விட்டு பத்து கிலோமீட்டருக்குப் பேர் கொடுங்க. படிப் பயிற்சியை, ஓட்டம் திரும்பின பிறகும், வாரத்துக்கு ரெண்டு நாள் விடாம செய்யுங்க.