கென்டக்கி மலைநாட்டின் சிறிய பள்ளி மாவட்டங்கள்: பணம் வரும் வழியும் மதிப்பெண் சொல்லும் செய்தியும்

[திரையில்: கென்டக்கி மாநில வரைபடம். கிழக்கே அப்பலாச்சிய மலைப்பகுதி.]

வணக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கு மலைப்பகுதியில், ஓஸ்லி என்றொரு கவுன்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) உள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 4,000 பேர். நாட்டின் மிக வறிய கவுன்டிகளைப் பட்டியலிடும்போதெல்லாம் இதன் பெயர் அடிபடும். இங்குள்ள பொதுப் பள்ளிகளை ஒரு சிறிய பள்ளி மாவட்டம் நடத்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், சொத்து வரி விதிக்கும் அதிகாரமும், தனி வரவு செலவுத் திட்டமும் கொண்ட தன்னாட்சி அமைப்பு அது. இத்தகைய மாவட்டங்களின் தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, ஆசிரியர்களையோ பெற்றோரையோ குறை சொல்லிவிட்டு நகர்வது எளிது. அதற்கு முன், அந்தப் பள்ளிக்குப் பணம் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

[திரையில்: இரண்டு மாவட்டங்கள், பக்கத்துப் பக்கத்தில்.]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கென்டக்கியில் ஒவ்வொரு மாவட்டமும் 100 டாலர் சொத்து மதிப்புக்குக் குறைந்தது 30 சென்ட் வரிக்கு ஈடான தொகையைப் பள்ளிக்காகத் திரட்ட வேண்டும். முதல் மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு 2,00,000 டாலர் மதிப்புள்ள சொத்து இருப்பதாகவும், இரண்டாவதில் 8,00,000 டாலர் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரே வரி விகிதத்தில் முதல் மாவட்டத்துக்கு மாணவர் ஒருவருக்கு 600 டாலர் கிடைக்கும். இரண்டாவதற்கு 2,400 டாலர் கிடைக்கும். ஏழை மாவட்டத்து மக்கள் வரி கட்டத் தயங்குவதால் வந்த வேறுபாடு அல்ல இது.

மலைப்பகுதியில் இந்த ஏற்றத்தாழ்வுக்கு நிலத்தடியிலும் ஒரு காரணம் இருந்தது. வெட்டப்படாத நிலக்கரி பெரும்பாலும் வெளியூர் நிறுவனங்களின் உடைமையாக இருந்தும், அதன் மீதான வரி 100 டாலருக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்காக வைக்கப்பட்டிருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1988இல்தான் அந்தச் சலுகையை ரத்து செய்தது. பெருஞ்செல்வத்தின் மேல் அமர்ந்திருந்த பள்ளிகள் அதில் பங்கு பெறாமலேயே தலைமுறைகளைக் கடந்தன. இதை எண்ணும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

[திரையில்: 1985 – 1990.]

1985இல் 66 பள்ளி மாவட்டங்கள் உறுப்பினராக இருந்த ஓர் அமைப்பு, சில மாவட்ட வாரியங்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வழக்குத் தொடுத்தது. மலைநாட்டில் பிறந்தவரும் முன்னாள் ஆளுநருமான பெர்ட் கோம்ப்ஸ் அவர்களுக்காக வாதாடினார். மாநில அரசியலமைப்பின் 183ஆம் பிரிவு, திறம்பட இயங்கும் பொதுப் பள்ளி அமைப்பை வழங்கும் கடமையைச் சட்டமன்றத்தின் மீது சுமத்துகிறது. அந்தக் கடமை நிறைவேறவில்லை என்பதே அவர்களின் வாதம். 1989 ஜூன் 8 அன்று வெளியான தீர்ப்பு அவர்கள் கேட்டதைவிடவும் தூரம் சென்றது. நிதிப் பங்கீடு மட்டுமல்லாமல், மாநிலத்தின் பள்ளி அமைப்பு முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

மறு ஆண்டே கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்குப் பணம் திரட்ட விற்பனை வரி 5 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்ந்தது. பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் தம் உறவினரைப் பணியில் அமர்த்துவதற்குத் தடை வந்தது. வேலைவாய்ப்பு அரிதான ஊரில் பள்ளிதான் பெரிய முதலாளி என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தடையின் எடை விளங்கும். நிதியைப் பொறுத்தவரை, மாணவர் ஒருவருக்கு ஓர் அடிப்படைத் தொகை உறுதி செய்யப்பட்டது. உள்ளூர் வரி போக மீதியை மாநிலம் நிரப்பும். இலவச உணவுக்குத் தகுதி பெறும் குழந்தைக்கு 15 விழுக்காடு கூடுதல் உண்டு. அடிப்படைத் தொகை 4,000 டாலர் எனில், நம் கணக்கின் முதல் மாவட்டத்துக்கு மாநிலம் 3,400 டாலரும் இரண்டாவதற்கு 1,600 டாலரும் தரும்.

இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நன்றாகவே பலன் தந்தது. ஆனால் அடிப்படைத் தொகை 1990-91இல் 2,305 டாலராகத் தொடங்கி, 2019-20இல்தான் 4,000 டாலரைத் தொட்டது. அதற்குள் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டதால், தாளில் கூடிய தொகை கையில் குறைந்துபோனது. மாநிலம் பின்வாங்கிய இடத்தை உள்ளூர் வரி நிரப்ப வேண்டியதாயிற்று. அங்கே 8,00,000 டாலர் மாவட்டம் முந்திக்கொள்கிறது. பணக்கார மாவட்டத்துக்கும் ஏழை மாவட்டத்துக்கும் இடையிலான இடைவெளி மீண்டும் அகன்றது.

[திரையில்: மலைச்சாலையில் மஞ்சள் பேருந்து.]

இதோடு சிறிய மாவட்டத்துக்கே உரிய செலவுகளும் சேர்கின்றன. ஓடைகளை ஒட்டிய குறுகிய பள்ளத்தாக்குகளில் வீடுகள் சிதறிக் கிடப்பதால், இருள் விலகுமுன் கிளம்பும் பேருந்து பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்காக நெடுந்தூரம் சுற்றி வருகிறது. நகரப் பேருந்துக்கு ஆகும் அதே ஓட்டுநர் சம்பளமும் டீசலும் இதற்கும் ஆகும். போக்குவரத்துச் செலவைக் கணக்கிடும் சூத்திரம் சட்டத்திலேயே இருந்தும், அது காட்டும் தொகையை மாநிலம் பல ஆண்டுகள் முழுமையாகத் தரவில்லை. மிச்சம் வகுப்பறைப் பணத்திலிருந்தே போனது. வேதியியல் படிப்போர் 14 பேரானாலும் ஓர் ஆசிரியர் வேண்டும். போதாக்குறைக்கு, மாநில நிதி சேர்க்கை எண்ணிக்கையை வைத்து அல்லாமல் சராசரி வருகையை வைத்தே கணக்கிடப்படுகிறது. நோயும் வறுமையும் குழந்தைகளை வீட்டில் நிறுத்தும் ஊர்களுக்கு இந்த விதி இரட்டை அடி. என் பார்வையில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

மதிப்பெண்ணைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஒரு வகுப்பில் 40 பேர் தேர்வெழுதினால், ஒரு குழந்தையின் முடிவு மட்டுமே 2.5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்குச் சமம். இரண்டு குழந்தைகளின் முடிவு மாறினாலே தேர்ச்சி வீதம் ஐந்து புள்ளி ஏறும் அல்லது இறங்கும். அதைப் பள்ளியின் எழுச்சி என்றோ வீழ்ச்சி என்றோ தலைப்பிடுவது நியாயமன்று. பல ஆண்டுச் சராசரியையும், ஒரே மாணவர் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார் என்பதையும், ஒத்த வறுமை நிலையிலுள்ள மாவட்டங்களோடான ஒப்பீட்டையும் பார்த்தால்தான் ஆசிரியரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

[திரையில்: 120 கவுன்டிகளின் வரைபடம்.]

2024 நவம்பரில், பொதுப் பள்ளிகளுக்கு வெளியே உள்ள கல்விக்கும் அரசுப் பணத்தைச் செலவிட வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் கென்டக்கி வாக்காளர்கள் முன் வைக்கப்பட்டது. அதே நாளில் மாநிலத்தின் கிராமங்கள் பெருவாரியாக டொனால்ட் டிரம்ப்பை ஆதரித்தன. பள்ளித் திருத்தத்தையோ 120 கவுன்டிகளும், ஒன்றுகூட விடாமல், நிராகரித்தன. பல கிராமப்புறக் கவுன்டிகளில் பொதுப் பள்ளியை விட்டால் அருகில் வேறு பள்ளியே கிடையாது. அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு டாலரும் எந்தப் பேருந்தை, எந்த ஆசிரியரைக் குறைக்கும் என்பதை அவ்வூர் மக்கள் நேரடியாக அறிந்திருந்தார்கள்.