கெட்ட அம்மான்னா சினிமா ஏன் நழுவுது?

ஸ்னோ ஒயிட் கதையில பொண்ணைக் கொல்லப் பாக்கறது யாருன்னா, சித்தின்னு டக்குனு சொல்லிடுவீங்க. ஆனா 1812ல கிரிம் சகோதரர்கள் முதல்ல அச்சடிச்சப்போ அவ பெத்த அம்மா. 1819 பதிப்புலதான் பெத்தவளைச் சாகடிச்சுட்டு சித்தியைக் கொண்டுவந்தாங்க.

அந்த வேலை இன்னும் ஓயலை. 2010ல வந்த டிஸ்னி அனிமேஷன் படம் 'டாங்கிள்ட்' பாருங்க. அதுல பொண்ணை வளர்க்கற அம்மா கோத்தெல் எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டேதான் செய்வா. பொண்ணு உடம்பைக் குத்திக் காட்டிட்டு, சும்மா கிண்டல்னுடுவா. கொஞ்சும்போதும் கை தலைமுடிக்குத்தான் போகும், மந்திரம் அதுலதானே இருக்கு. கத்தறது அவ, அடுத்த நொடி 'இப்ப நான்தான் கெட்டவளா'ன்னு சோர்ந்து உக்கார்றதும் அவ. இவ்வளவு கச்சிதமா எழுதிட்டு, கடைசியில அவ பெத்த அம்மாவே இல்ல, பிள்ளை பிடிக்கிறவன்னு முடிச்சுட்டாங்க. பெத்த மனம் பித்துங்கற நம்பிக்கைக்கு ஒரு கீறலும் விழலை.

நழுவ இன்னொரு வழி, நோய். 2018ல வந்த 'ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்' தொடர்ல (ஸ்பாய்லர், மன்னிச்சுக்கோங்க) அம்மாவே விஷம் குடுத்து மகள்களை நோயாளி ஆக்குவாங்க. 1977ல ராய் மெடோங்கற மருத்துவர் இதுக்கு மன்சௌசன் பை ப்ராக்சின்னு பேர் வெச்சார். த்ரில்லர்காரங்களுக்கு இது ஏன் பிடிக்குதுன்னா, பாட்டில் இருக்கு, ரத்தப் பரிசோதனை இருக்கு, கையும் களவுமா பிடிக்கலாம். தினம் ஒரு வார்த்தையில பொண்ணைக் கரைக்கிற அம்மாவுக்கு என்ன சாட்சி? தொடரைப் பாக்கற பொண்ணும் 'எங்க வீட்ல விஷமெல்லாம் இல்லையே, அப்ப நான்தான் ஓவரா நினைக்கிறேன்'னு முடிவு பண்ணிடுவா.

ஒரு அம்மா மகள் படம் சரியா இருக்கான்னு பாக்க, சண்டைக்கு அடுத்த ஷாட்டைப் பிடிங்க. கேமரா யார் முகத்துல நிக்குது, வயலின் யார் கண்ணீருக்கு வாசிக்குது? அப்புறம் மன்னிப்புக் காட்சி. 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்'ங்கறது மன்னிப்பே இல்ல. 'உன் டைரியை எடுத்துப் படிச்சேன், தப்பு'ன்னு செஞ்சதைப் பேர் சொல்லணும். அதுவும் கடைசி அஞ்சு நிமிஷத்துல வந்தா, அம்மா மாறினாங்களான்னு பாக்க படத்துல நேரமே கிடையாது. எழுதறவங்களுக்கு ஒண்ணு: அம்மாவோட பழைய சோக ஃப்ளாஷ்பேக்கைக் கொடுமைக்கு முன்னாடி வைக்காதீங்க. அப்படி வெச்சா பொண்ணுக்கு அடி விழறதுக்குள்ள நாம அம்மாவை மன்னிச்சு முடிச்சிருப்போம்.

ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1978ல எடுத்த 'ஆட்டம் சொனாட்டா' (Autumn Sonata) படத்துல சித்தியும் இல்ல, விஷமும் இல்ல. பொண்ணு பியானோவுல ஷோப்பான்ங்கற இசையமைப்பாளரோட ஒரு சின்ன இசைத்துண்டை (ப்ரெலூட்) வாசிப்பா. பேர் போன பியானோ கலைஞரான அம்மா, அதை எப்படி வாசிக்கணும்னு விளக்கிட்டு அதையே திரும்ப வாசிப்பாங்க. அப்போ கேமரா அம்மாவைப் பாத்துக்கிட்டிருக்கிற பொண்ணு முகத்துல நிக்கும், அவ்வளவுதான். வளர்ந்து கல்யாணமானவ அங்கேயே சின்னப் பிள்ளையா சுருங்கிடுவா. அன்னிக்கு ராத்திரி மனசுல இருந்ததெல்லாம் கொட்டுவா. ஆனா கடைசியில மன்னிப்புக் கடிதம் எழுதறதும் அவதான். அம்மா அதுக்குள்ள ரயில் ஏறிட்டாங்க.