கடலுக்குத் துருசு இல்லை

(முல்லைத்தீவில் ஒரு வாசிகசாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பின்னுக்கு நிற்கிற தம்பிமார் முன்னால் வந்து இருங்கோ, கதிரை இருக்கிறது.

கடற்தொழில் செய்கிறவர்களுக்கு நீரோட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். என்னுடைய அப்பா வலையை விட்டபிறகு கயிற்றைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். மேலே மிதவை ஒரு பக்கம் இழுக்கும், அடியில் ஈயம் வேறு பக்கம் இழுக்கும், கயிறு சரிகிற சரிவிலேயே மேல் தண்ணீர் எங்கே போகிறது, கீழ்த் தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அது அந்த இடத்தில், அந்த நேரத்துக்கு மட்டும். முழுக் கடலுக்கும், எல்லா ஆழத்துக்கும், முப்பது வருசத்துக்கும் யார் கயிறு பிடிப்பது?

ஏன் பிடிக்க வேண்டும் என்றால், சூட்டுக்காகத்தான். கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரில் இருக்கிற சூடு, நமக்கு மேலே உள்ள காற்று மண்டலம் முழுவதிலும் இருக்கிற சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். பூமியில் கூடிக்கொண்டு வருகிற சூட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்கிற இடமும் கடல்தான். அது ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அத்திலாந்திக்கில் 26.5 பாகை வடக்கில் 2004 முதல் கரைக்குக் கரை கருவிகளை நங்கூரமிட்டு அளக்கிறார்கள். மேலால் வடக்கே போய், குளிர்ந்து, ஆழத்தால் திரும்பிவருகிற தண்ணீர் சராசரியாகச் செக்கனுக்கு 17 மில்லியன் கன மீட்டர் அளவில் இருக்கிறது. அந்தத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் நம்முடைய இரணைமடுக் குளம் பத்துச் செக்கனுக்குள் நிரம்பி வான் பாயும். அந்த இடத்தில் கடல் வடக்கே கொண்டுபோகிற சூடு, உலகத்தில் மனிதர் எல்லாரும் பாவிக்கிற சக்தியைப் போல ஏறக்குறைய 60 மடங்கு.

இரணைமடுவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. குளத்துக்குக் கனகராயன் ஆற்றால் வந்தது இவ்வளவு, துருசால், அதாவது மதகால், வயலுக்குப் போனது இவ்வளவு, வெயில் குடித்தது இவ்வளவு, மிச்சம் அளவுகோலில் தெரியும். கணக்கு இடித்தால் எங்கேயோ பிழை. கடலுக்குத் துருசும் இல்லை, அளவுகோல் நட இடமும் இல்லை.

சரி, என்னதான் இருக்கிறது? 1992 முதல் செய்மதிகள் கடல் மட்டத்தின் உயரத்தைச் சில சென்ரிமீட்டர் பிழைக்குள் அளக்கின்றன. கடல் தட்டையாகக் கிடக்கிறது என்று நினைக்கிறோம், இல்லை, அதில் மேடு பள்ளம் இருக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேரே ஓடிவிடுவதும் இல்லை. பூமி சுழல்வதால் பக்கவாட்டில் திரும்பி, நம்முடைய வட பாதியில் மேட்டை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தோடே ஓடும். ஆகவே சரிவு தெரிந்தால் மேல் ஓட்டம் தெரியும். அடியை அறிய ஆர்கோ மிதவைகள், உலகம் முழுக்க ஏறக்குறைய 4000. ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல அலைந்து, பிறகு 2000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி மேலே வந்து செய்மதிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பவும் தாழும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. புளோரிடாவுக்கும் பகாமாசுக்கும் இடையில் கடலடியில் கிடந்த பழைய ரெலிபோன் கேபிளில் 1980களிலிருந்து மின்னழுத்தத்தை அளந்து வந்தார்கள். உப்புத் தண்ணீர் பூமியின் காந்தப் புலத்துக்குள்ளால் ஓடும்போது மின்சாரம் பிறக்கும், அதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் ஓட்டைதான் அதிகம். இரண்டு மிதவைக்கு நடுவில் முந்நூறு கிலோமீட்டர் இருக்கும். வங்காள விரிகுடாவின் ஒரு பெரிய சுழி அதற்குள் ஒளிந்துவிடும். பாக்கு நீரிணை மாதிரி ஆழமில்லாத கடலுக்கு அவை வருவதே இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் கணினி மாதிரி, அதாவது கணக்கால் கட்டிய ஒரு கடல் (model), வருகிறது. காற்றையும் வெயிலையும் மழையையும் கொடுத்தால், இயற்பியல் விதிப்படி கடலைக் கணினிக்குள் ஓட விடலாம். அது தனியாக ஓடினால் உண்மைக் கடலை விட்டு மெல்ல மெல்ல விலகிப் போகும்.

அளவையும் மாதிரியையும் சேர்க்க இரண்டு வழி இருக்கிறது, நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். ஒன்று, மாதிரி விலகும்போதெல்லாம் அதைப் பிடித்து அளவுக்குப் பக்கத்தில் இழுத்து வைப்பது. நாளைக்குக் கடல் எப்படி என்று சொல்ல இது நல்லது. ஆனால் குளத்துக் கணக்கு இடிக்கிற நேரமெல்லாம் இரவோடு இரவாகப் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி அளவுகோலைச் சரிப்படுத்தினால் எப்படி இருக்கும்? அளவு சரியாகத்தான் காட்டும். இருபது வருசம் கழித்து இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

இரண்டாவது வழியில் பவுசருக்கு இடமில்லை. கடலியலாளர் கார்ல் வுன்ஷ் போன்றவர்கள் 1990களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய எக்கோ (ECCO) திட்டம் இந்த வழி. 1992இலிருந்து மாதிரியை ஓடவிட்டு, கோடிக்கணக்கான அளவுகளோடு ஒப்பிட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு கணக்கைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டி, தொடக்கத்தில் கொடுத்த வெப்பமா, காற்றா, கலக்கிற வேகமா, எதைக் கொஞ்சம் மாற்றினால் இந்த இடிப்புக் குறையும் என்று கண்டுபிடித்து, மாற்றி, முதலிலிருந்து திரும்ப ஓட்டுவார்கள். இப்படிப் பல தடவை. ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்தே நிறுப்பார்கள். கடைசியில் வருகிற கடலில் ஒரு துளி சூடும் காரணமில்லாமல் பிறப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. அதனால் எந்த வருசம் எங்கே சூடு கூடியது, அது காற்றால் வந்ததா நீரோட்டம் கொண்டுவந்ததா என்று பிரித்துக் கேட்கலாம்.

நம்முடைய சமுத்திரத்துக்கு இது இன்னும் முக்கியம். வடக்கே ஆசியா கதவைச் சாத்தி வைத்திருக்கிறது, வெளியே போக வழி தெற்குத்தான். சோழகம், அதாவது தென்மேல் பருவக்காற்று, வீசும்போது மேல் தண்ணீர் சூட்டோடு பூமத்திய கோட்டைத் தாண்டித் தெற்கே போகும், வாடைக் காற்றில், அதாவது வடகீழ்ப் பருவத்தில், வடக்கே திரும்பும். வருசக் கணக்கில் தெற்கே போவதுதான் கூட. மாரி தொடங்குகிற காலத்தில் கங்கையின் தண்ணீர் கலந்த உப்புக் குறைந்த கடல் இந்தக் கரையோடு இறங்கித் தீவைச் சுற்றிப் போகிறது. அந்த மெல்லிய தண்ணீர் மூடிபோலக் கிடந்து, அடியிலுள்ள தண்ணீர் மேலே கலக்கவிடாது.

பேசி முடிய ஒரு ஐயா எழும்பி, “தம்பி, அந்த மிதவை எங்கட வலையில் பட்டால்?” என்று கேட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் நியாயமான கேள்வி. அது ஏறக்குறைய ஆள் உயர உருளை, உச்சியில் அன்ரெனா, உள்ளே லித்தியம் பற்றரி. உடைக்கவும் வேண்டாம், பழைய இரும்புக்காரனுக்குப் போடவும் வேண்டாம், உடம்பில் ஒட்டியிருக்கிற விபரத்தை வைத்து உரியவருக்குச் சொல்லலாம் என்றேன். “இஞ்ச உருளையாக ஒன்று கரை ஒதுங்கினால் ஆர் தம்பி கிட்டப் போய் வாசிக்கிறது?” என்றார். அதுவும் சரிதான், தூர நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ ஐயா, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.