பனிய வரைய வெள்ளை பெயிண்ட் மட்டும் போதாது மக்களே

வணக்கம் மக்களே. இப்ப ஸ்க்ரீன்ல இருக்குற ஆயில் பெயிண்டிங்ல சுத்தமான வெள்ளை எங்க இருக்குன்னு தேடுங்க பாப்போம். முழுக்க பனி கெடக்குற கிராமம், வேலி, மரம், பின்னாடி ஒரு வீடு, இடதுபக்கம் கேட்டு மேல கருப்பா ஒரு பறவை. வெள்ளைதான எல்லாம்னு தோணும், ஆனா தேடிப்பாத்தா கெடைக்காது.

வரைஞ்சது கிளாட் மோனேங்குற பிரெஞ்சு ஓவியர். 1868 கடைசியில இருந்து 1869க்குள்ள, பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரையில எத்ரெதான்னு ஒரு ஊரு, அது பக்கத்துல. ஆளுக்கு அப்ப வயசு 28. படத்தோட பேரு மேக்பை, அதாவது கேட்டு மேல உக்காந்திருக்கே காக்கா குடும்பத்துப் பறவை, அதோட பேருதான். 1869ல பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அனுப்புனாரு, வேண்டாம்னு திருப்பிட்டாங்க. இப்ப அதே பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல தொங்குது.

[வேலி நிழல், க்ளோஸ்அப்]

இந்த நிழல பாருங்க. சூரியன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு, அதனால நிழல் நம்மள நோக்கி நீளுது. கலர் என்ன? நீலம், லேசா ஊதா. நம்ம ஸ்கூல் டிராயிங் கிளாஸ்ல நிழல்னா கருப்ப கலக்குன்னுதான் சொல்லிக்குடுத்தாங்க, அந்தப் பழக்கம் இன்னும் நம்மகிட்ட இருந்து போகல.

ஏன் நீலம்னா, பனி தன் மேல விழுற வெளிச்சத்த அப்படியே திருப்பி அடிக்கும். வெயில் படுற இடத்துல லேசா மஞ்சள் வரும். நிழல்ல நேர் வெயில் இல்ல, அங்க வெளிச்சம் குடுக்குறது வானம் மட்டும்தான், வானம் நீலம்னா நிழலும் நீலம். மேகம் மூடிட்டா இந்த நீலம் போயிடும், வெறும் சாம்பல்தான்.

அண்ணே நாங்க கன்னியாகுமரில இருந்துட்டு பனிக்கு எங்க போகன்னு கேப்பீங்க. நமக்குக் குளிர்னா மார்கழியில காளிகேசத்து தண்ணில கால வைக்குறதுதான், நியாயம். ஆனா புத்தளம் உப்பளம் இருக்குல்ல? மழைக்காலத்துல கீத்து போட்டு மூடிருவாங்க, அதனால வெயில் காலத்துல போங்க, சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல உப்புக் குவியலுக்குப் பக்கத்துல நின்னு நிழல் விழுற பக்கத்த பாருங்க, செல்போன்ல பாக்க வேண்டாம், கேமரா கலர மாத்திரும், கண்ணால பாருங்க, மோனே பாத்த அதே நீலம் அங்க கெடக்கும்.

[பேலட்]

இப்ப கலக்குறது. நிழலுக்கு வெள்ளையோட அல்ட்ராமரைன் ப்ளூ, ஒரு துளி க்ரிம்சன், அதாவது அடர் சிவப்பு. வெயிலுக்கு வெள்ளையில யெல்லோ ஓக்கர்ங்குற மண் மஞ்சள், பிரஷ் நுனியில ஒட்டுற அளவு போதும். ஒரு விஷயம், மோனே காலத்துல இருந்தது லெட் வைட், அதாவது ஈயத்துல செஞ்ச வெள்ளை, நாம வாங்குறது டைட்டானியம் வைட், அது 20ஆம் நூற்றாண்டுலதான் ஓவியர்கள் கைக்கு வந்துச்சு. இதுக்கு வேகம் ஜாஸ்தி, கொஞ்சம் கூடுனா நீலத்த முழுங்கிரும். அதனால நீலத்துக்குள்ள வெள்ளைய விடாதீங்க, வெள்ளைக்குள்ள நீலத்த கொஞ்சங்கொஞ்சமா விட்டு, தாள்ல தடவிப் பாத்து ஏத்துங்க. நிழல மெல்லிசா போடுங்க, வெயில் படுற இடத்துல மட்டும் கெட்டியா, பேலட் கத்தியால கூட வைக்கலாம். மேல போடுற லேயர்ல எண்ணெ ஜாஸ்தியா இருக்கணும், அடியில கம்மியா. மாத்திப் போட்டா பின்னால வெடிக்கும்.

அப்புறம் ட்யூப் பெயிண்ட். 1841ல ஜான் கோஃப் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் தகர ட்யூப்ப கண்டுபிடிச்சாரு, அதுக்கு முன்னாடி கலர பன்னியோட மூத்திரப்பையில கட்டி வெச்சிருந்தாங்க. பெயிண்ட தூக்கிட்டு வெளிய போய் குளிருல நின்னு வரையறது ஈசியானதுக்கு இந்த ட்யூப் ஒரு பெரிய காரணம்.

கடைசியா அந்தப் பறவை. படத்துலயே அழுத்தமான கருப்பு அதுதான், கண்ணு நேரா அங்க போகுறதும் அதனாலதான். அடிப் பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே பறவைய வெச்சீங்கன்னா அடியில இருக்குற வெள்ளை கிளம்பி வந்து கருப்ப கெடுத்துரும். ஆயில் பெயிண்ட் தண்ணி மாதிரி ஆவியாகி காயுறது இல்ல, அதுல இருக்குற லின்சீட் எண்ணெ, அதாவது ஆளிவிதை எண்ணெ, காத்துல இருக்குற ஆக்சிஜன இழுத்துதான் இறுகும், நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்துல அது இன்னும் மெதுவாகும். ஓரத்துல விரல வெச்சுப் பாருங்க, ஒட்டலன்னா மட்டும் பறவைய உக்கார வைங்க.