முதல் கூட்டத்துக்குப் போகத் தயங்குகிறவருக்கு

வணக்கம். என் பெயரைச் சொல்லாமலே பேசவிட்ட வானொலி நிலையத்தாருக்கு நன்றி. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. நான் போகும் அந்த அமைப்பு தனக்கென்று பன்னிரண்டு மரபுகள் வைத்திருக்கிறது. பத்திரிகை, வானொலி, சினிமா ஆகியவற்றில் உறுப்பினர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதில் பதினொன்றாவது. வானொலி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், தப்ப வழியில்லை.

குடியை விட வேண்டும் என்று நினைத்து, கூட்டம் எங்கே நடக்கிறது என்றும் தேடிப் பார்த்துவிட்டு, அப்புறம் போகாமலே இருக்கிறவரோடுதான் இன்றைக்குப் பேச்சு. "நான் உண்மையிலேயே குடிநோயாளிதானா? முதலில் அது தெரியட்டும், பிறகு போகலாம்" என்று காத்திருப்பவர்கள் நிறைய. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. உறுப்பினராக ஒரே ஒரு தகுதி போதும் என்கிறது மூன்றாவது மரபு: குடியை நிறுத்தும் விருப்பம். படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது, எவ்வளவு குடித்தீர்கள் என்று கணக்குக் கேட்பதும் கிடையாது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஏஏ இணையதளத்தில் பார்க்கலாம், உங்கள் மருத்துவரைக் கேட்கலாம், ஏஏ உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே போனை எடுப்பவர் பெரும்பாலும் குடியை விட்ட ஒருவராகத்தான் இருப்பார். பட்டியலில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை இருக்கும். திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மனைவியோ கணவரோ நண்பரோ கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் திறந்த கூட்டத்தில் தொடங்குங்கள். இணையவழிக் கூட்டங்களும் இருக்கின்றன, ஆனால் என்னைக் கேட்டால் முதல் முறை நேரில் போவதுதான் நல்லது.

"அங்கே தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால்?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இருந்தால் இருக்கட்டுமே! அவர் அங்கே வேறு எதற்கு வந்திருப்பார்?

உள்ளே நடப்பது மிகச் சாதாரணமானது. ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி. ஒருவர் கூட்டத்தை நடத்துவார், சில பக்கங்கள் வாசிப்பார்கள், முதல் முறையாக வந்தவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள். கையைத் தூக்கலாம், தூக்காமலும் இருக்கலாம். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டு அறிவுரை சொல்வது வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். காசுக்காக ஒரு தட்டோ பையோ சுற்றிவரும், புதியவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

உண்மையான சிக்கல் நம் காதில்தான் இருக்கிறது. ஒருவர் வேலையை இழந்த கதையைச் சொல்வார், இன்னொருவர் சிறைக்குப் போனதைச் சொல்வார். உடனே உள்ளுக்குள் ஒரு குரல், "நான் இந்த அளவுக்கு இல்லையே, எனக்கு வேலை இருக்கிறதே, வீடு இருக்கிறதே" என்று ஆரம்பித்துவிடும். அந்தக் குரலுக்கு வாதாடும் திறமை அதிகம், கூட்டம் முடிவதற்குள் உங்களை வெளியே அனுப்பிவிடும். சம்பவங்களை விட்டுவிட்டு அவர்கள் உணர்ந்ததைக் கேளுங்கள்: பாட்டிலை ஒளித்துவைத்தது, காலையில் சத்தியம் செய்து மாலையில் மீறியது, யாரும் கேட்காமலே பொய் சொன்னது. அதில் ஒன்றாவது உங்களுடையதாக இருக்கும்.

கடவுள் பற்றிய பேச்சு வரும். "நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்" என்பதுதான் குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் உள்ள வாசகம், நாத்திகர்களும் வருகிறார்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு கடவுளைத் தொடாமல் நடத்தைப் பயிற்சி வழியே போகிறது. பெண்களுக்கென்றே 1975-இல் ஏற்பட்ட விமன் ஃபார் சொப்ரைட்டியும் இருக்கிறது. குடும்பத்தாருக்கு அல்-அனான், 1951 முதல். எங்கே போனாலும் சரி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர், கூட்டத்துக்குப் போகும் உற்சாகத்தில் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கலாம், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் மருத்துவமனை இல்லை.

முடிந்ததும் ஓடிவிடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். யாராவது போன் நம்பர் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அழையுங்கள். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியை விட்டிருந்த பில் என்பவர், மறுபடி குடிக்கும் ஆசை வந்து தவித்தபோது, யாரென்றே தெரியாதவர்களுக்குப் போன் செய்து இன்னொரு குடிகாரரைத் தேடினார். அப்படிக் கிடைத்த டாக்டர் பாப் பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்து ஆறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். ஏஏ அப்படித்தான் பிறந்தது. பில் பேசியது டாக்டரைக் காப்பாற்ற மட்டுமல்ல, தான் அன்று குடிக்காமல் இருக்கவும்தான். உங்களுக்கு நம்பர் கொடுத்தவருக்கும் அதே கதைதான். முதல் குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. நம்பரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.